ஊழென்று யார் சொல்லலாம்?

சரக சம்ஹிதையின் விமான ஸ்தானத்திலே, ஜனபதங்கள் கொள்ளை நோய்களால் அழிவதைப் பற்றிப் பேசும் அத்தியாயம் ஒன்று உண்டு. வேனிற் காலத்தின் கடைசி மாதத்தில், பாஞ்சால தேசத்துக் கங்கைக் கரையில் உலவியபடியே ஆத்ரேய முனிவர் தம் மாணாக்கர்களுக்குப் பாடம் சொல்லி வருகிறார். நோய்களின் காரணங்களையும் அவற்றுக்குரிய மாற்றுகளையும் அவர் விரித்துரைத்துக்கொண்டு வரும் தருணத்தில், அக்கினிவேசன் என்னும் மாணாக்கன், அதுவரை கேட்டவற்றையெல்லாம் ஒரு நொடியில் பயனற்றவையாக்கிவிடக்கூடிய ஒரு வினாவை எழுப்புகிறான். மனிதரின் ஆயுள் முன்னமே அளவிட்டு வைக்கப்பட்டதா, இல்லையா என்பதே அந்த வினா. அளவிடப்பட்டதென்றால் வைத்தியன் எதற்கு? அளவிடப்படவில்லையென்றால் கர்மம் என்று பெரியோர் சொல்லுவதற்குப் பொருள் என்ன? தன் அஸ்திவாரத்தையே அசைக்கும் இக்கேள்வியை ஒரு வைத்திய நூல் தன் மாணாக்கன் வாயாலேயே கேட்கச் செய்து, அதனை மழுப்பாமல் எதிர்கொண்டிருப்பது அந்நூலாசிரியரின் நேர்மைக்குச் சான்று.

ஆத்ரேயர் தந்த விடை, தெய்வம் ஒன்றே என்றோ முயற்சி ஒன்றே என்றோ ஒரு பக்கம் சாயாதது. முற்பிறவியிற் செய்த வினை தெய்வம் எனப்படும். இப்பிறவியிற் செய்யும் வினை புருஷகாரம் எனப்படும். ஆயுள் என்பது இவ்விரண்டின் கூட்டுறவால் அமைவது. இவற்றுள் வலியது மெலியதை வெல்லும் என்பது அவர் கொள்கை. எல்லார் ஆயுளும் அசையாத அளவுடையதென்றால் மூலிகையும் மந்திரமும் வீணாகும், கொடிய யானை எதிர்ப்படும்போது விலகி நிற்க வேண்டிய அவசியமும் இல்லாமற் போகும் என்று அவர் வாதிக்கிறார். நம் திருவள்ளுவரும் ஊழை அறத்துப்பாலின் முடிவில் நிறுத்திவிட்டுப் பொருட்பாலுக்குள் புகுந்தவர், அங்கே ஆள்வினையுடைமை என்று முயற்சிக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஒன்றற்கு அஞ்சி மற்றொன்றைக் கைவிட அவர் முற்படவில்லை. ஆகவே, ஊழை நம்புகிறவன் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது இவ்விரு நூல்களும் காட்டாத வழி. அவற்றின் பெயரால் நாமே அதனைப் பிற்காலத்தில் வகுத்துக்கொண்டோம்.

இந்தப் பழைய விவாதத்தை நாம் இன்று எடுத்துக்கொள்வதற்குக் காரணம் புற்றுநோய். காய்ச்சல் வந்தால் மழையைக் குறை சொல்லுகிறோம். வயிறு கெட்டால் தண்ணீரைச் சந்தேகிக்கிறோம். ஆனால் புற்று என்று டாக்டர் சொன்ன மாத்திரத்தில் நம் மக்களின் வாயில் வரும் முதற்சொல் விதி என்பதே. அந்நோயின் பெயரை உச்சரிக்கவும் கூசி, ‘அந்த வியாதி’ என்று தாழ்ந்த குரலில் சொல்லுவோர் இன்றும் உண்டு. நேற்று வரை வயலில் களையெடுத்தவள், நேற்று வரை மாவரைத்தவள், இன்று ரத்தப்போக்கென்று போய்க் கிடந்தாள், முற்றிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள் என்று கேள்விப்படும்போது, இடி விழுந்தாற்போன்ற இந்தத் திடீர்த்தன்மையே தெய்வச் செயலுக்கு அடையாளமாக நமக்குத் தோன்றிவிடுகிறது.

உண்மையில் அங்கே திடீரென்று நிகழ்ந்தது எதுவுமில்லை. நோய் வெளிப்படுவதற்கு முன்பே அதற்கு ஒரு வாழ்வு உண்டு என்பதைப் பழைய வைத்திய நூலாசிரியரான சுசுருதர் அறிந்திருந்தார். சஞ்சயம், பிரகோபம், பிரசரம், ஸ்தானசம்சிரயம், வியக்தி, பேதம் என்று தோஷங்களின் போக்கை ஆறு காலங்களாக வகுத்து, முதற் காலத்திலேயே அடக்கப்பட்டது பின்னைய காலங்களை அடைவதில்லை என்று அவர் கூறினார். நோய் தன் உருவத்தைக் காட்டும் வியக்தி அவ்வரிசையில் ஐந்தாவது. வலி வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருப்பவன் நான்கு காலங்களைக் கைநழுவ விட்டவனாகிறான். இக்காலத்து நுண்ணுயிர் சாஸ்திரத்தைச் சுசுருதர் நூலுக்குள் தேடுவது பேதைமை. வெளிப்படாத நோயையும் கண்டு சிகிச்சை செய்வது வைத்தியனின் கடமை என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று என்பதற்கு மட்டும் அதனை இங்கே நினைத்துக்கொள்ளுகிறோம்.

கர்ப்பப்பை வாயில் தோன்றும் புற்றுநோய் இவ்வுண்மைக்குத் தெளிவான உதாரணம். ஹியூமன் பாப்பிலோமா என்னும் வைரஸே அதன் மூலம் என்பதை நிலைநாட்டிய ஜெர்மானியர் ஹரால்டு சுர் ஹாவ்சனுக்கு 2008-ல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. இல்லற வாழ்வில் ஈடுபடும் ஆண் பெண் இருபாலாரிலும் மிகப் பெரும்பாலோரை இவ்வைரஸ் ஏதோ ஒரு காலத்தில் தொட்டுச் செல்லுகிறது. தொட்டவர்களுள்ளும் பெரும்பாலோரிடமிருந்து ஓரிரண்டு ஆண்டுகளில் தானே நீங்கிவிடுகிறது. நீங்காமல் தங்கிய சிலரிடத்தே மட்டும் அது கர்ப்பப்பை வாயின் உயிரணுக்களைச் சிறிது சிறிதாகத் திரித்து, பத்து, பதினைந்து, சில வேளைகளில் இருபது ஆண்டுகள் கழித்துப் புற்றாக முடிகிறது. அணுக்கள் திரிபடைந்தும் புற்றாகாத இந்த இடைக்காலத்தைக் கண்ணால் காணமுடியும் என்பதை 1928-ல் எடுத்துரைத்து, 1943-ல் ஒரு நூலால் வைத்திய உலகத்தை ஒப்புக்கொள்ளச் செய்தவர் கிரேக்க நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பணிபுரிந்த பாப்பனிகோலா என்பவர். இடி விழுந்தாற்போல் வந்தது என்று நாம் சொல்லும் நோய், ஒரு குழந்தை பிறந்து வளர்ந்து பள்ளிப் படிப்பை முடிக்கும் அவ்வளவு காலம் வாசலில் நின்றுகொண்டிருந்த நோய்.

பாப்பனிகோலாவின் முறைக்கு நுண்ணோக்கியும், அதில் தேர்ந்த கண்களும், மாதிரியை நகரத்துக்கு அனுப்பி விடையைக் கிராமத்துக்குக் கொண்டுவரும் ஏற்பாடும் வேண்டும். இவை யாவும் இல்லாத நாடுகளுக்கென்று வேறொரு முறை வகுக்கப்பட்டது. புளிக்காடியில் இருக்கும் அசெட்டிக் அமிலத்தை நீர்க்கச் செய்து கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, விளக்கொளியில் பார்க்கவேண்டும். திரிபடைந்த இடம் வெளுத்துக் காட்டும். வெளுத்தவை யாவும் நோயல்ல எனினும், மேலும் ஆராய வேண்டியவர் இன்னார் என்று பிரித்தறிய அது போதும். தேவையென்றால் அவ்விடத்தைக் குளிரால் உறையச் செய்து அன்றைக்கே அகற்றிவிடவும் முடியும். பயிற்சி பெற்ற ஒரு செவிலியே செய்துவிடக்கூடிய இச்சோதனை உயிர்களைக் காக்குமா என்பதை ஐயமறத் தெரிந்துகொள்ளும் பொருட்டு, நம் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பெரும் ஆராய்ச்சி நடைபெற்றது. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்கள் வாழும் 114 தொகுதிகளைச் சீட்டுப் போட்டாற்போல் இரு பாதியாக்கி, ஒரு பாதியில் சோதனைக்கு அழைப்பு விடுத்தார்கள். மறுபாதியை வழக்கமான வைத்திய வசதிகளோடு விட்டார்கள். சங்கரநாராயணன் முதலியோர் 2007-ல் லான்செட் என்னும் வைத்திய இதழில் வெளியிட்ட முடிவின்படி, அழைக்கப்பட்ட பெண்களிடையே அந்நோய் தோன்றியது நூற்றுக்கு 25 பங்கும், அதனால் நேர்ந்த மரணம் நூற்றுக்கு 35 பங்கும் குறைந்திருந்தன.

தத்துவ விசாரம் செய்கிறவர் இவ்விடத்தில் சற்று நின்று எண்ண வேண்டும். ஒரே மாவட்டம், ஒரே மண், ஒரே விதமான உழைப்பும் உணவும். இரு பாதிகளைப் பிரித்தது எவருடைய பூர்வஜன்ம கர்மமும் அன்று. ஆராய்ச்சியாளர் போட்ட சீட்டு. அச்சீட்டின் பின் ஒரு பாதியில் மட்டும் சாவு குறைந்ததென்றால், மறுபாதியில் இறந்தவர்களில் சிலரைப் பற்றி, அவர்கள் விதி முடிந்தது என்று நாம் எந்த முகத்தோடு சொல்லுவது? அழைக்கப்படாத பாதியில் இருந்த பெண்கள் 30,958 பேர். பயன் உண்டென்று பலரும் கருதும் ஒன்றை ஒரு சாராருக்கு அளியாமல் வைத்து ஒப்பிட்டறிவது அறமாகுமா என்ற சர்ச்சை, இந்நாட்டில் நடந்த இத்தகைய ஆராய்ச்சிகளைக் குறித்துப் பின்னாளில் எழுந்தது. அதனை இருதரப்பு நியாயங்களோடும் ஆராய்வது தனியே ஒரு கட்டுரைக்குரிய பொருள். அறிவு கிடைத்த பிறகு நேரும் கடமையைப் பற்றி மட்டும் இரு கருத்துக்கு இடமில்லை. அழைக்கப்படாதிருந்த அந்தப் பெண்களின் வாழ்வையும் சாவையும் எண்ணிப் பெற்ற ஞானம் அது. அதனை எல்லாப் பெண்களுக்கும் கொண்டு சேர்ப்பதே அவர்களுக்கு நாம் பட்ட கடனைத் தீர்க்கும் வழி. அம்முடிவு வெளியாகிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் சென்ற பின், 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசிய குடும்பநல ஆய்வில், 30 முதல் 49 வயதுப் பெண்களுள் தம் வாழ்நாளில் ஒரு முறையேனும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுச் சோதனைக்கு உட்பட்டவர்கள் இந்தியா முழுவதிலும் நூற்றுக்கு இருவருக்கும் குறைவு. தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. கடன் அப்படியே நிற்கிறது.

ஆயினும் கொடுப்போர் குறையை மட்டும் சொல்லி அமைவது நியாயமாகாது. திண்டுக்கல்லில் அழைக்கப்பட்ட பாதியில் இருந்த பெண்கள் 49,311 பேர். சோதனைக்கு வந்தவர்கள் 31,343 பேர். ஊர் தேடி வந்து அழைத்தும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் வரவில்லை. ‘உடம்புக்கு ஒன்றும் இல்லாதபோது ஆஸ்பத்திரிக்கு எதற்கம்மா?’ என்று செவிலியைத் திருப்பி அனுப்பும் பெண்ணின் கேள்வியை அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது. அவள் கேள்விக்குள் பல கேள்விகள் அடங்கியிருக்கின்றன. ஒரு நாள் கூலி போகுமே, அதற்கு யார் பொறுப்பு? சோதனையில் ஏதாவது இருக்கிறதென்று சொல்லிவிட்டால், கட்டிக் கொடுக்கவிருக்கும் மகளின் காரியம் என்னாவது? சதையைக் கிள்ளிச் சோதித்தால் நோய் உடம்பெல்லாம் பரவிவிடும் என்கிறார்களே, அது மெய்யா? இவை எல்லாவற்றுக்கும் அடியில், தெரியாதவரைக்கும் நிம்மதி என்ற ஆதி அச்சம் கிடக்கிறது. படித்தவரும் செல்வரும் இவ்வச்சத்துக்கு விலக்கானவர்கள் அல்லர். மார்பில் கட்டியொன்று தட்டுப்பட்ட பின்னும் மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடுகிறவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு.

விவரம் அறிந்து, ஆற அமர எண்ணி, எனக்கு வேண்டாம் என்று சொல்லுகிறவளின் சுதந்திரத்தை நாம் மதிக்கத்தான் வேண்டும். தன் உடலைப் பற்றிய அறிவை ஏற்பதும் மறுப்பதும் அவளுடைய உரிமை. ஆனால் மறுப்பு என்பது கேட்கப்பட்டவள் சொல்லும் விடை. யாரும் கேளாத பெண்ணின் மௌனத்தை மறுப்பு என்று கணக்கெழுதிவிட்டு, அவளே வரவில்லை, நாம் என்ன செய்வது என்று கைகழுவுவது தர்க்கத்திலும் பிழை, தருமத்திலும் பிழை.

அச்சத்தோடு கூடப் பிறந்தது பாவம் என்னும் எண்ணம். கர்ப்பப்பை வாயில் நோய் என்றதுமே அதனை ஒழுக்கத்தோடு முடிச்சுப் போட்டுப் பேசும் நாக்குகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. கணவன் ஒருவனையன்றி வேறு எவரையும் அறியாத பெண்ணையும் பற்றும் பொதுவான ஒரு வைரஸை அவளுடைய சீலத்துக்குச் சாட்சியாக நிறுத்துவது, சாஸ்திரமும் ஒப்பாத, விஞ்ஞானமும் ஒப்பாத கொடுமை. இது பாவத்தின் பலன் என்று சொல்லுவோர் அப்பர் சுவாமிகளின் சரித்திரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். சூலை நோயால் வருந்திய அப்பர், அந்நோயே தம்மைச் சிவபெருமானிடம் கொண்டுவந்து சேர்த்ததென்று கருதினார். நோயை அருளென்று கொள்ளும் அந்தத் தகுதி நோயை அனுபவித்த அவருக்கு இருந்தது. அவருடைய தமக்கையார் திலகவதியாரோ, சமயம் மாறிப் போனதன் பலனை நீயே அனுபவி என்று சொல்லவில்லை; வந்து காலில் விழுந்த தம்பியை எழுப்பித் திருநீறளித்துத் திருவதிகைத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். நோயுற்றவர் தம் நோய்க்குப் பொருள் தேடுகிறார். அருகிலிருப்பவர் அந்நோய்க்கு மாற்றுத் தேடுகிறார். இவ்விரண்டு வேலைகளும் இடம் மாறிவிடக் கூடாது.

இதுவே நாம் சொல்ல வந்ததன் சாரம். ஊழ் என்னும் கொள்கை, தனக்கு நேர்ந்ததைத் தாங்கிக்கொள்ளும் பொருட்டு ஒருவன் தன்னளவில் பற்றிக்கொள்ளத் தக்கது. எல்லா முயற்சியும் செய்து ஓய்ந்தவன், இனி ஆவதொன்றில்லை என்று அறிந்தபின், இது என் வினை என்று அமைதி கொள்வானாயின் அவ்வமைதியைக் கலைக்க எவருக்கும் உரிமையில்லை; அது ஞானமாகவும் இருக்கலாம். அதே வார்த்தையைப் பிறனுக்கு நேர்ந்ததை விளக்குவதற்கு நாம் எடுத்தாளும்போது அதன் குணம் மாறிவிடுகிறது. நாற்பது மைலுக்கு அப்பாலிருந்த ஆஸ்பத்திரியையும், பழுதாகிக் கிடந்த கருவியையும், நிரப்பப்படாத செவிலியர் பதவியையும், புகையிலை போடுகிறவனிடம் வாயைத் திறந்து காட்டச் சொல்லி ஒரு முறையேனும் பார்த்திராத வைத்தியனையும் அந்த ஒரு வார்த்தை மறைத்துவிடுகிறது. தன்னைக் குறித்துச் சொல்லும்போது பணிவாக இருந்தது, அயலாரைக் குறித்துச் சொல்லும்போது பொய்ச்சாட்சியாக ஆகிறது. நம் அலட்சியத்தின் விளைவை ஈசுவரன் தலையில் ஏற்றுகிற அபவாதமாகவும் ஆகிறது.

விதி என்ற திரையை இவ்வாறு விலக்கிப் பார்த்தவர்கள் நம் நாட்டிலேயே தோன்றியிருக்கிறார்கள். திண்டிவனத்தில் ஓர் இரவு, பிரசவ வேதனையிலிருந்த தம் மனைவியரைப் பார்க்க வரவேண்டுமென்று மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, ஐடா ஸ்கடர் என்னும் அமெரிக்கப் பெண்ணிடம் வந்து வேண்டினர். அவளோ அப்போது வைத்தியம் பயிலாதவள். வைத்தியரான தன் தந்தையை அழைத்துப் போகச் சொன்னபோது, ஆண்மகன் பார்க்கலாகாது என்று மூவரும் மறுத்துச் சென்றனர். விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். அம்மரணங்களுக்கு விதியென்று பெயரிட ஊராரால் முடிந்தது, ஐடாவால் முடியவில்லை. தாய்நாடு சென்று டாக்டராகத் திரும்பி 1900-ல் வேலூரில் ஒரே படுக்கையோடு அவள் தொடங்கிய பணியே இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்திருக்கிறது. அப்பெண்களின் நாணத்தை அவள் ஏளனம் செய்யவில்லை. அதனை மதித்து, அதற்கு இணங்க வைத்தியத்தின் வாசலை மாற்றியமைத்தாள். கர்ப்பப்பை வாய்ச் சோதனையைப் பெண் செவிலியரே செய்யவேண்டும், மறைவான அறையில் செய்யவேண்டும், என்ன செய்யப்போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லிச் செய்யவேண்டும் என்பவை அந்தப் பாடத்தின் தொடர்ச்சிகளே.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வரலாறு இன்னும் ஆழமானது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை, அது அவர்கள் பிறப்பின் விதி என்றும் தெய்வ கைங்கரியம் என்றும் பலர் ஆதரித்துப் பேசிய காலத்தில், சட்டசபையிலே எதிர்த்துப் போராடியவர் அவர். 1947-ல் அது சட்டத்தால் விலக்கப்பட்டது. 1923-ல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவரும் அவரே. அத்துயரம் அவர் உள்ளத்தில் முப்பது ஆண்டு கிடந்து, 1954-ல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு ஒரு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. இந்நோய் வந்தவர்கள் சாகத்தானே போகிறார்கள், இதற்கென்று தனி மருத்துவமனை எதற்கு என்று அதிகாரத்திலிருந்தோரே அக்காலத்தில் கேட்டதை, அந்நிறுவனத்துக்குத் தம் வாழ்நாளை அளித்த டாக்டர் சாந்தா பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். பிறப்பும் நோயும் பிறருக்கு விதித்தவை என்று ஊரார் ஒதுங்கிக்கொண்ட இரண்டு இடங்களிலும் முத்துலட்சுமி அம்மையார் ஒதுங்க மறுத்தார் என்பதை எண்ணும்போது, அவருடைய சமூகச் சீர்திருத்தமும் வைத்தியத் தொண்டும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது விளங்கும்.

இவ்வளவும் சொன்னபின், அறிவதெல்லாம் நன்மை என்று முடிவு கட்டிவிடலாகாது. ஜப்பான் தேசத்தில், ஆறு மாதக் குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்து நரம்பில் தோன்றும் ஒருவகைக் கட்டியை முன்னதாகக் கண்டுபிடிக்கும் திட்டம் 1980-களின் நடுவில் நாடெங்கும் நடத்தப்பட்டது. கட்டிகள் ஏராளமாகக் கண்டறியப்பட்டன; ஆனால் அவற்றுள் பல தாமே கரைந்துபோகும் இயல்பினவென்றும், கண்டதனாலேயே பல குழந்தைகள் வேண்டாத சிகிச்சைக்கு ஆளாயின என்றும் தெரியவந்து, 2004-ல் அத்திட்டம் கைவிடப்பட்டது. எந்நோயைத் தேடலாம், எதனைத் தேடலாகாது என்பதற்கு 1968-லேயே வில்சன், யுங்னர் என்ற இருவர் உலக சுகாதார நிறுவனத்துக்காகப் பத்து நெறிகளை வகுத்தளித்தனர். கண்டபின் ஏற்றுக்கொள்ளத்தக்க சிகிச்சை இருக்கவேண்டும் என்பதும், அதற்கான வசதிகள் கிடைக்கக்கூடியனவாக இருக்கவேண்டும் என்பதும் அவற்றில் அடங்கும். முகாம் நடத்தி, ஒருத்திக்கு உன் உடம்பில் கோளாறு இருக்கிறது என்று சொல்லி, கையில் ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டு, அவள் எங்கே போனாள் என்று பின்னர் எவரும் கேளாத இடத்தில், அறிவு வரமாகாமல் சாபமாகிறது. வைத்தியம் என்பது நோயாளி, வைத்தியன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என்னும் நான்கு கூறுடையது என்று சரகரும் வள்ளுவரும் ஒருமுகமாகக் கூறியிருப்பது இங்கே கருதத்தக்கது. முன்கூட்டி நோய் காணும் பணியில் நான்காமவனுக்குரிய இடம் மிகப் பெரியது. வீடு வீடாகப் போகும் கிராம சுகாதார செவிலியர்தாம் அவ்விடத்தில் இருக்கிறார். அவர் திரும்பிவந்து, ‘அக்கா, மதுரைக்குப் போய்க் காட்டினீர்களா?’ என்று கேட்கும்வரை சோதனை முடிந்ததாகாது.

தாகித்தவன் வந்து கேட்கட்டும், கொடுப்போம் என்பதோடு நம் முன்னோர் நின்றுவிடவில்லை. திங்களூர் அப்பூதியடிகள் தண்ணீர்ப்பந்தலை வழியிலே வைத்தார். கோடையில் வழிநடப்பவன் களைத்துப் போகும் இடம் எதுவென்று கண்டு வைப்பதே பந்தல் அறத்தின் இலக்கணம். மேலும் அவர் அதற்குத் தம் பெயரை இடாமல், தாம் கண்டிராத அப்பரின் திருநாவுக்கரசர் என்னும் பெயரை இட்டார். புற்றுநோயை முன்கூட்டிக் காணும் வசதியும் இவ்வாறே பெண்கள் நடக்கும் வழியில் வந்து நிற்கவேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூலி வேலை முடிந்த பின்னும் திறந்திருக்கும் ஒரு மாலைப்பொழுது. சோதனையைச் செய்யும் செவிலிக்கு இடையறாத பயிற்சி. மாவட்ட மருத்துவமனைக்குச் செல்ல வண்டிச் சத்தம். மார்பில் கட்டியென்று வந்தவளை மூன்று இடங்களுக்கு அலைக்கழிக்காத ஒழுங்கு. புகையிலை போடும் ஆண்களின் வாயை வருஷத்துக்கு ஒரு தரமேனும் விளக்கடித்துப் பார்க்கும் வழக்கம். புகையிலையும் மதுவும் பழகியவர்களின் வாயை இவ்வாறு சோதித்ததால் மரணம் நூற்றுக்கு 34 பங்கு குறைந்ததாகத் திருவனந்தபுரத்தில் நடந்த ஆராய்ச்சி 2005-ல் காட்டியது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வகுத்த திட்டம், 2030-க்குள் நூற்றுக்கு 70 பெண்கள் 35 வயதுக்குள் ஒரு முறையும் 45 வயதுக்குள் மறுமுறையும் சிறந்ததொரு சோதனையைப் பெற்றிருக்கவேண்டும் என்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம் முதலியவற்றுக்கு மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகும் ஏற்பாட்டை 2021 முதல் நடத்திவரும் நம் தமிழ்நாட்டுக்கு இது எட்டாத கனியன்று.

இத்தனையும் செய்த பின்னும் சிலர் இறப்பார்கள். காலத்தில் கண்டும் சில புற்றுகள் கட்டுக்கடங்குவதில்லை. ஒழுங்காகச் சோதனைக்கு வந்தவளையும் இரண்டு சோதனைகளுக்கு இடையில் நோய் முந்திக்கொண்டுவிடுவதுண்டு. அங்கே, அவளும் அவளைச் சேர்ந்தவர்களும் தெய்வத்தின் துணையை நாடுவார்களாயின், சமயம் அவர்களுக்கு அளிக்கும் ஆறுதல் மெய்யான ஆறுதலாக இருக்கும். ஏனெனில் மனிதர் செய்யவேண்டியது மீதமின்றிச் செய்யப்பட்டிருக்கும். அந்த ஆறுதலைச் சொல்லும் யோக்கியதை சமயத்தார்க்கு வரவேண்டுமானால் அவர்களும் முன்னதாகச் சில காரியங்களைச் செய்யவேண்டும். ஆடி மாதத்தில் அம்மன் கோயிலில் கூழ் வார்க்கும் நாளில் பெண்கள் கூடுகிறார்கள். மாதா கோயில் கொடியேற்றத்துக்கும் தர்கா சந்தனக்கூட்டுக்கும் கூடுகிறார்கள். அடுத்த வாரம் இன்ன நாளில் நம் ஊர் சுகாதார நிலையத்தில் இச்சோதனை நடக்கிறது, முப்பது வயது கடந்த பெண்கள் அனைவரும் போய்வாருங்கள், இதில் வெட்கமும் இல்லை, பாவமும் இல்லை என்று பூசாரியும் பாதிரியாரும் இமாமும் அங்கே ஒலிபெருக்கியில் அறிவிக்கலாம். செவிலி நூறு முறை சொல்லிக் கரையாத தயக்கம் அவர்கள் ஒரு முறை சொன்னால் கரையக்கூடும். பாவம் என்ற பயத்தை இவ்விஷயத்தில் வளர்த்ததில் மதத்தின் பெயருக்கும் பங்கு உண்டு. ஆதலால் அதனைக் களையும் பொறுப்பிலும் அதற்கு முதற்பங்கு உண்டு.